ரோடு பேசுது, நாம தலையை எண்ணிக்கிட்டு இருக்கோம்!

டிஸ்கி: நீளமான பதிவு. கொஞ்சம் கணக்கு வரும், கொஞ்சம் கோவமும் வரும். டீ சொல்லிட்டு உக்காருங்க.

எங்க டிபார்ட்மெண்ட்ல இந்த வருஷம் பைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகளை நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்க. "ஒலிப்பதிவிலிருந்து வாகன எண்ணிக்கை" வகையறாவுல மட்டும் மூணு டீம். ரோட்டோரம் ஒரு மைக் வெச்சா போதுமாம், எத்தனை வண்டி போச்சுன்னு மெஷின் புட்டுப்புட்டு வெச்சிடுமாம். சந்தோஷம். "எந்த ரோட்டுல பதிவு பண்ணினீங்க?"ன்னு ஒரு டீம் நண்பன்கிட்ட கேட்டேன். "இன்டர்நெட்ல டேட்டாசெட் இருக்கு மச்சி"ன்னான். தேடிப் பார்த்தா ஜெர்மனியில இல்மெனாவ்னு ஒரு ஊர். அந்த ஊர் பக்கம் பதிவு பண்ணி 2021ல பிரான்ஹோபர் நிறுவனம் வெளியிட்டது. ஒவ்வொரு பதிவும் 2 நொடி. கார், லாரி, பஸ், பைக்னு நாலு வகை. சமர்த்தா ஒண்ணு பின்னாடி ஒண்ணு போகுது. ஹாரன் இல்லை, ஆட்டோ இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை, தண்ணி லாரி இல்லை. இதுல படிச்சுட்டு வந்த மாடலை கொண்டுபோய் கோயம்பேட்டுல நிறுத்தினா, பாவம், அது அழுதுடும்.

நண்பனைக் குத்தம் சொல்ல இந்தப் பதிவு இல்லை. அந்த தலைப்புல இருக்கிற கேள்வியே தப்புங்கிறதுதான் என் வாதம். ரோட்டுச் சத்தத்தை வெச்சு டிராபிக்கை அளக்கலாம். சொல்லப்போனா நம்ம ஊர் ரோட்டுக்கு அதைவிடப் பொருத்தமான கருவி குறைவு. ஆனா அந்தக் கருவிகிட்டப் போய் "எத்தனை வண்டி?"ன்னு கேட்கிறது அதுக்கும் அநியாயம், ரோட்டுல போறவனுக்கும் அநியாயம். கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "ரோடு ஓடுதா, நிக்குதா?"

ஏன்னு சொல்றேன்.

முதல்ல, காது எதுக்கு? கண்ணுதான் இருக்கே?

வெளிநாட்டுப் பாடப் புத்தகத்துல டிராபிக்கை அளக்கிற பழைய வழி, தார் ரோட்டுக்கு அடியில கம்பிச் சுருள் புதைக்கிறது. மேல வண்டி போனா சுருளோட மின் தூண்டல் மாறும், கணக்கு ஏறும். ஒரு லேனுக்கு ஒரு சுருள். நம்ம ஊர்ல லேன்ங்கிறது பெயிண்ட் அடிச்சவரோட ஆசை மட்டும்தான். ஒரே சுருள் மேல ஒரு காரோட பாதி, ஒரு ஆட்டோ, சந்துல நுழைஞ்ச ரெண்டு பைக் நிக்கும்போது அது என்னன்னு எண்ணும்? அதுவும் போக, மெட்ரோ ஒரு தடவை, மழைநீர் வடிகால் ஒரு தடவை, கேபிள்காரங்க ஒரு தடவைன்னு தோண்டுற ரோட்டுல புதைச்ச கம்பி எத்தனை மாசம் உசுரோட இருக்கும்?

கேமரா நல்ல கருவிதான், இல்லைங்கலை. ஆனா ராத்திரி ஹெட்லைட் நேரா அடிச்சா அதுக்குக் கண்ணு கூசும். ஐப்பசி மழை கொட்டினா திரை விழுந்துடும். ஒரு மாநகரப் பேருந்து குறுக்கே நின்னா அதுக்குப் பின்னாடி இருக்கிற அஞ்சு பைக்கும் கேமராவுக்கு இல்லை. கூடவே, வண்டியை எண்ண வெச்ச கேமரா மூஞ்சியையும் நம்பர் பிளேட்டையும் சேர்த்தே பிடிச்சு வெச்சுக்கும்.

"கூகுள் மேப்ஸ்லதான் சிவப்புக் கோடு காட்டுதே?" காட்டுது. நம்ம பாக்கெட்டுல இருக்கிற போன் எவ்வளவு வேகமா நகருதுன்னு பார்த்துத்தான் காட்டுது. 2020ல சைமன் வெக்கர்ட்ங்கிற கலைஞர் பெர்லின்ல 99 பழைய போன்களை ஒரு கைவண்டியில போட்டு காலியான தெருவுல இழுத்துக்கிட்டு நடந்தார். மேப்புல அந்தத் தெரு சிவப்பாயிடுச்சு! ஏமாத்துறதை விடுங்க, அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தத் தகவலுக்குச் சொந்தக்காரன் ஒரு கம்பெனி. ஊருக்குச் சொந்தமான சிக்னல், ஊர் நிலைமையைத் தெரிஞ்சுக்க ஒரு கம்பெனி வாசல்ல நிக்கணுமா?

இப்ப மைக்கைப் பாருங்க. வெளிச்சம் வேண்டாம். பஸ் மறைச்சாலும் சத்தம் வளைஞ்சு வரும். ரோட்டைத் தோண்ட வேண்டாம், ஒரு கம்பம் போதும். மைக் விலை சில நூறு ரூபாய்தான். எல்லாத்துக்கும் மேல, நம்ம ரோடு உலகத்துலயே வாயாடி ரோடு. லாரி பின்னாடியே "ஹாரன் அடி"ன்னு எழுதி வெச்சிருக்கிற ஊர். (மகாராஷ்டிராவில் 2015ல அந்த "ஹாரன் ஓகே ப்ளீஸ்" வாசகத்தை வணிக வண்டிகள்ல எழுதக்கூடாதுன்னு தடையே போட்டாங்க.) இவ்வளவு பேசுற ரோட்டைக் கேட்காம இருக்கிறது நம்ம தப்பு.

அப்புறம் ஏன் எண்ணக்கூடாது?

கணக்கு வருது, பயப்படாதீங்க. பிளஸ் டூ இயற்பியல்தான்.

ஒண்ணு. டெசிபெல்ங்கிறது மடக்கை அளவு. ஒரே மாதிரி சத்தம் போடுற ரெண்டு பைக் சேர்ந்தா ஏறுறது 3 டெசிபெல்தான். பத்து பைக்னா 10 டெசிபெல், நூறு பைக்னா 20. இதைத் திருப்பிப் பாருங்க. சைலன்சரைக் கழட்டிட்டு ஒருத்தன் மத்த பைக்கைவிட 20 டெசிபெல் அதிகமாப் போனான்னா, மைக்கைப் பொறுத்தவரை அவன் ஒருத்தனே நூறு பேர். நம்ம மெஷின் அந்த ஒருத்தனைப் பார்த்து "ஊர்வலம் போகுது"ன்னு எழுதி வெச்சிடும்.

ரெண்டு. தூரம். ஒரு வண்டியோட சத்தம், தூரம் இரட்டிப்பாகும்போது 6 டெசிபெல் குறையும். மைக்கிலிருந்து 3 மீட்டர்ல போற பைக்குக்கும் 12 மீட்டர்ல போற அதே பைக்குக்கும் 12 டெசிபெல் வித்தியாசம். அதாவது இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் பதினாறு பேருக்குச் சமம். லேன் ஒழுங்கா இருக்கிற ஊர்ல இதைத் திருத்திக்கலாம், எந்த லேன் எவ்வளவு தூரம்னு தெரியும். நம்ம ஊர்ல ஒரே பைக் பத்து நொடியில ரோட்டோட மூணு இடத்துல இருப்பான்.

மூணு. இதுதான் முக்கியம். 1930கள்ல புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ்னு ஒரு அமெரிக்கர் ஒஹாயோ மாநில ரோடுகள்ல கேமரா வெச்சுப் படம் எடுத்து, வண்டி நெருக்கத்துக்கும் வேகத்துக்கும் என்ன உறவுன்னு பார்த்தார். 1935ல வந்த அவர் கட்டுரை இன்னைக்கும் போக்குவரத்துப் பொறியியல்ல முதல் பாடம். ஒரு மணி நேரத்துல ஒரு இடத்தைக் கடக்கிற வண்டி எண்ணிக்கை = நெருக்கம் × வேகம். ரோடு காலியா இருந்தா நெருக்கம் குறைவு, எண்ணிக்கையும் குறைவு. ரோடு அடைச்சு நின்னா வேகம் பூஜ்யத்துக்குப் பக்கம், அப்பவும் எண்ணிக்கை குறைவு! "நிமிஷத்துக்கு பத்து வண்டி"ன்னு ஒரு எண் கைக்கு வந்தா, அது விடியற்காலை நாலு மணியா, சாயங்காலம் ஆறு மணி நரகமான்னு அந்த எண்ணுக்கே தெரியாது. நூத்துக்கு நூறு சரியா எண்ணினாலும் தெரியாது. ஆனா அந்த ரோட்டோரம் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிற யாருக்கும் ஒரே நொடியில தெரிஞ்சிடும். காதுக்குத் தெரிஞ்சதைத் தூக்கிப் போட்டுட்டு, காதால முடியாததைக் கேட்கிறோம்.

நாலு. இங்கிலாந்துல 1988ல ஒரு கணக்கு முறை வெளியிட்டாங்க, இவ்வளவு வண்டி போனா இவ்வளவு சத்தம் வரும்னு. காலை 6 மணியிலிருந்து நள்ளிரவு வரை 18 மணி நேரத்துல போற வண்டி எண்ணிக்கையோட மடக்கையைப் பத்தால பெருக்கி 29.1 கூட்டணும், அதுதான் அடிப்படை. அப்புறம் வேகம், கனரக வாகன விகிதம், ஏத்தம், தூரம்னு திருத்தம் போடணும். அழகான வேலை. அந்த சூத்திரத்துல ஹாரனுக்குன்னு ஒரு உறுப்பு கூட இல்லை. அவங்க ரோட்டுக்குத் தேவைப்படலை. அதைத் தலைகீழாத் திருப்பிப் போட்டு சத்தத்திலிருந்து வண்டியைக் கண்டுபிடிக்கிறேன்னு நம்ம ஊர்ல கிளம்பினா, ஒவ்வொரு ஹாரனும் ஒரு பொய் சாட்சி.

அஞ்சு. யார் சத்தமே போடாம போறாங்க? சைக்கிள்ல வேலைக்குப் போறவர். மீன் கூடையோட ரோட்டைக் கடக்கிற அம்மா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. மெதுவாப் போற மின்சார ஸ்கூட்டர். (மின்சாரக் கார்கள் சத்தமில்லாம வந்து நடக்கிறவங்க மேல மோதக்கூடாதுன்னு ஐரோப்பாவுல 2021லிருந்து எல்லாப் புது வண்டியிலும் செயற்கைச் சத்தம் கட்டாயம், அதுவும் 20 கி.மீ. வேகம் வரைக்கும்.) சத்தத்தை வெச்சு எண்ணின அட்டவணையில இவங்க எல்லாரும் பூஜ்யம். அந்த அட்டவணையை வெச்சு ஒரு அதிகாரி சிக்னல் நேரம் பிரிச்சார்னா, சத்தம் போட்டவனுக்குப் பச்சை, வாயில்லாதவனுக்குச் சிவப்பு. ஏற்கெனவே நாட்டுல அப்படித்தான் நடக்குது, அதை மெஷின் வேற வெச்சுச் செய்யணுமா?

அப்ப என்ன கேட்கணும்?

நான் கண்டுபிடிச்சதா பீத்திக்கல. நம்ம ஆளுங்களே பண்ணி முடிச்ச வேலை. நாமதான் ஜெர்மனி வரைக்கும் போயிட்டோம்.

2008ல பெங்களூர் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக் கூடத்துல "நெரிசெல்"னு ஒரு வேலை நடந்துச்சு. வண்டியில போறவங்க போன்ல இருக்கிற முடுக்கமானியை வெச்சுப் பள்ளம், பிரேக், மைக்கை வெச்சு ஹாரன். குண்டும் குழியும் ஹாரனும்தான் நம்ம ரோட்டோட கையெழுத்துன்னு ஒத்துக்கிட்டு ஆரம்பிச்ச வேலை.

2010ல மும்பை ஐஐடியில ரிஜுரேகா சென், பாஸ்கரன் ராமன், பிரஷிமா சர்மா மூணு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை போட்டாங்க. பேரே "ஹாரன் ஓகே ப்ளீஸ்"! ரோட்டோரம் கொஞ்சம் இடைவெளி விட்டு ரெண்டு மைக். நடுவுல போற வண்டி ஹாரன் அடிச்சா, முன்னாடி இருக்கிற மைக்குக்குச் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்கும், பின்னாடி இருக்கிற மைக்குக்கு இறங்கிக் கேட்கும். ரெண்டையும் ஒப்பிட்டா வேகம் கிடைச்சிடும். டாப்ளர் விளைவு, அவ்வளவுதான். கணக்கு போட்டுப் பாருங்க: சென்னை வெயில்ல ஒலி நொடிக்கு சுமார் 350 மீட்டர் போகும். வண்டி 36 கி.மீ. வேகம்னா நொடிக்கு 10 மீட்டர். 360ஐ 340ஆல வகுத்தா 1.059. பாட்டு கிளாஸ் போனவங்க இப்ப நிமிர்ந்து உக்காருவீங்க. ஆமா, அது கிட்டத்தட்ட ஒரு ஸ்வரஸ்தானம்! மாயாமாளவகௌளையில சரளி வரிசை ஆரம்பிக்கும்போது ச-விலிருந்து ரி-க்கு ஏறுவோமே, அந்தப் படி. ஹாரன் ஒரு படி மாறினா 36 கி.மீ. வேகம், மாறவே இல்லைன்னா வண்டி நிக்குது. எவன் எரிச்சல்ல ஹாரன் அடிச்சாலும் அது அளவுகோலாயிடுது. எல்லாரும் இரைச்சல்னு தூக்கிப் போட்டதை அவங்க தகவல்னு கையில எடுத்தாங்க.

2012ல ஐபிஎம் இந்திய ஆராய்ச்சிக் கூடத்துல விவேக் தியாகியும் கூட இருந்தவங்களும் இன்னும் எளிமையாக் கேட்டாங்க. ஒரே ஒரு மைக். டயர் சத்தம், இன்ஜின் சத்தம், நின்னுக்கிட்டே உறுமுற சத்தம், ஹாரன், காத்து எல்லாம் கலந்து வர்ற மொத்தக் கூச்சலையும் பிரிக்கவே வேண்டாம். கலவை எப்படி இருக்குன்னு மட்டும் பாரு. மூணே விடை: 10 கி.மீ.க்குக் கீழ அடைப்பு, 10லிருந்து 40 வரை நடுத்தரம், 40க்கு மேல ஓட்டம். 20, 30 நொடி கேட்டாலே சுமார் 95 சதவீதம் சரியாச் சொல்லிடுச்சு. லேன் பார்த்து ஓட்டாத ரோட்டுக்குன்னே யோசிச்ச முறை இது.

கவனிச்சீங்களா, இவங்க யாரும் தலையை எண்ணலை. ஓடுற ரோட்டுல டயர் உரசுற "ஸ்ஸ்ஸ்" மேலோங்கும். நிக்கிற ரோட்டுல இன்ஜின் உறுமலும் ஹாரனும் மேலோங்கும். டெசிபெல் ரெண்டுக்கும் ஒண்ணா இருந்தாலும் குரல் வேற. ரோட்டைப் பத்தி நம்பிச் சொல்லக்கூடியதை மட்டும் கேட்டிருக்காங்க.

அப்படியே உலகப் போட்டி நிலவரத்தையும் பார்த்துடுவோம். 2024ல டிகேஸ்ங்கிற ஒலி ஆராய்ச்சிப் போட்டியில டிராபிக் கண்காணிப்புக்குன்னே ஒரு பிரிவு வெச்சாங்க. நாலு மைக் வரிசையா, ஒரு நிமிஷத்துல எத்தனை வண்டி எந்தப் பக்கம் போச்சுன்னு எண்ணணும். வண்டி வகை எத்தனை தெரியுமா? ரெண்டு. கார், கனரக வண்டி. முடிஞ்சது. அவங்க ரோட்டுக்கு அது சரி. அதைக் காப்பி அடிச்சு நம்ம ரோட்டுக்குப் போட்டா, வாலாஜா ரோட்டுல பாதிப் பேருக்கு ஜாதகத்துலயே இடம் இல்லை.

"மூணு விடை போதுமா தம்பி?"

சீனியர் ஒருத்தர் கேட்டார். போதும்ணே. போதுங்கிறதைவிட, அதுதான் வேணும்.

இந்த சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவுல 300 மீட்டர்னு வெச்சுக்கங்க. அடுத்த சிக்னல் அடைச்சு, வால் இங்க வரைக்கும் வந்துடுச்சு. இங்க சிக்னலுக்கு அது தெரியாது. நேரம் ஆனதும் பச்சை போடும். பச்சை விழுந்தா நம்ம ஜனம் சும்மா இருக்குமா? எல்லாரும் நடுச் சந்திப்புல போய் நிப்பாங்க. இப்ப குறுக்கு ரோட்டுக்குப் பச்சை விழும். அவங்களும் போக முடியாது. நாலு பக்கமும் முடிச்சு. நடுவுல ஒரு 108 ஆம்புலன்ஸ் கத்திக்கிட்டு நிக்கும். பஸ்ல அறுபது பேர் வேர்த்துக்கிட்டு நிப்பாங்க. இந்த முடிச்சை அவிழ்க்க எத்தனை வண்டின்னு தெரியணுமா? "அந்தப் பக்கம் நிக்குது, இங்க பச்சை போடாதே"ங்கிற ஒரே ஒரு சேதி போதும். ஒரு மைக்கால அரை நிமிஷத்துல சொல்ல முடிஞ்ச சேதி. இன்னைக்கு அதை வெயில்ல நிக்கிற ஒரு போக்குவரத்துக் காவலர் வாக்கிடாக்கியில கத்திச் சொல்லிக்கிட்டு இருக்கார். அவர் இல்லாத சந்திப்புல யாரும் சொல்றதில்லை.

"பாலம் கட்ட, ரோடு அகலப்படுத்த எண்ணிக்கை வேணுமே?" வேணும். அதுக்கு ஆள் வெச்சு எண்ணுங்க. சிவில் டிபார்ட்மெண்ட் பசங்க சந்திப்புல உக்காந்து நாலு கோடு, குறுக்கே ஒரு கோடுன்னு கை நோவ எண்ணுவாங்களே, அது நம்பகமான முறை. அவங்க கண்ணுக்கு சைக்கிளும் நடக்கிறவங்களும் தெரிவாங்க. அந்த எண்ணிக்கையிலயும் ஒரு உள்குத்து உண்டு. இந்திய ரோடு காங்கிரஸ் 1990ல போட்ட நகர ரோடு வழிகாட்டியில கார் 1 அலகு, பைக் 0.5லிருந்து 0.75, பஸ்ஸோ லாரியோ 2.2லிருந்து 3.7 வரை. இடத்தை அடைக்கிற அளவுக்கு அது நியாயமான கணக்கு. ஆனா அறுபது பேர் வர்ற பஸ்ஸும் ரெண்டு பேர் உக்காந்த லாரியும் அதுல ஒரே தட்டுல நிக்குது. வண்டியை எண்ணினா வண்டிக்குத்தான் ரோடு கிடைக்கும். அதையும் சத்தத்தை வெச்சு அரைகுறையா எண்ணினா, கேட்கவே வேண்டாம்.

டெசிபெல் மீட்டரோட நின்னுட்ட கதை

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011ல சென்னை உட்பட ஏழு நகரங்கள்ல ஒலி கண்காணிப்பு நிலையங்களை ஆரம்பிச்சது. முதல்ல 35, அப்புறம் 70. சென்னைக்கு மட்டும் பத்து. தி.நகர், பெரம்பூர், கிண்டி பக்கம் எல்லாம் உண்டு. நல்ல காரியம். அதுலேர்ந்து நமக்கு வர்ற சேதி என்ன? வணிகப் பகுதியில பகல் வரம்பு 65 டெசிபெல், அதைத் தாண்டிடுச்சு. அடுத்த வருஷமும் தாண்டிடுச்சு. தாண்டிடுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும் சாமி! எதனால தாண்டிச்சு, ஓடுற ரோடா, நிக்கிற ரோடா, எத்தனை மணிக்கு நிக்க ஆரம்பிச்சது? ஒரே ஒரு டெசிபெல் எண்ணா சுருக்கினதுக்கு அப்புறம் அதெல்லாம் போயிடுச்சு. வேப்பம்பூ பச்சடியை ருசி பார்த்துட்டு "இருநூறு கிராம்"னு சொல்ற மாதிரி.

மும்பை போலீஸ் 2020 ஜனவரி கடைசியில ஒரு வீடியோ விட்டாங்க, ஞாபகம் இருக்கா? சிக்னல்ல டெசிபெல் மீட்டர். சத்தம் 85ஐத் தாண்டினா சிவப்பு விளக்கு மறுபடி முதல்லேர்ந்து எண்ண ஆரம்பிக்கும். ஹாரன் அடிச்சா காத்திரு! எல்லாரும் கைதட்டி ஷேர் பண்ணினாங்க. விழிப்புணர்வுக்கு சரி. கருவியா யோசிச்சா? அடிச்சவன் ஒருத்தன், தண்டனை பஸ்ல உக்காந்திருக்கிற அறுபது பேருக்கும். முன்னாடி ரோடு நிஜமாவே அடைச்சிருக்கா, இல்லை பின்னாடி ஒருத்தனுக்கு சும்மா அவசரமான்னு அந்த மீட்டருக்குத் தெரியாது. மைக் வெச்சாங்க. ஆனா கேட்கலை, அதட்டினாங்க.

ஒட்டுக்கேட்க மாட்டாங்களா?

நியாயமான பயம். இதுக்கு பதில் சொல்லாம மைக்கைக் கம்பத்துல ஏத்தச் சொல்ற எவனையும் நம்பாதீங்க, என்னையும் சேர்த்து.

ரோட்டோரத்துல வண்டி மட்டும் போறதில்லை. பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேர் பேசிக்கிட்டு இருப்பாங்க. டீக்கடையில ஒருத்தர் ஆட்சியைத் திட்டிக்கிட்டு இருப்பார். காதலர்கள் சண்டை போட்டுக்கிட்டு இருப்பாங்க. டிராபிக்குக்குன்னு வெச்ச மைக் இதையெல்லாம் சேர்த்து வெச்சா, அது ஊருக்கு நடுவுல நட்ட ஒற்றன். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 2017லயே சொல்லிடுச்சு, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்தாச்சு. ஆனா சட்டத்தை நம்பி மட்டும் விடக்கூடாது, கருவியையே வாயடைச்சுக் கட்டணும்.

எப்படின்னா, சத்தம் கம்பத்தை விட்டு வெளிய போகக்கூடாது. அங்கயே ஒரு சின்ன கம்ப்யூட்டர் கேட்டுட்டு, "அடைப்பு / நடுத்தரம் / ஓட்டம்"னு ஒரு வார்த்தையை மட்டும் அனுப்பட்டும். கேட்ட ஒலி அப்பவே அழியணும். "ஒலியை அனுப்பலை, அம்சங்களை மட்டும்தான் அனுப்புறோம்"னு ஒரு சால்ஜாப்பு வரும், ஏமாறாதீங்க. நூறில் ஒரு நொடிக்கு ஒரு தடவை எடுத்த அம்சங்களிலிருந்து பேச்சைப் பெருமளவு திரும்பக் கட்டிட முடியும். ஒரு நொடி முழுக்கச் சராசரி எடுத்து, அதிர்வெண் பட்டைகளுக்கு இருபது எண் மட்டும்னா யார் என்ன பேசினாங்கன்னு எடுக்க முடியாது, அடைப்பா ஓட்டமான்னு சொல்ல அதுவே பெருமளவு போதும். ஹாரன் சுருதி பார்க்கிறதுக்கு நுணுக்கமான ஒலி வேணும்தான், அதையும் கம்பத்துலயே பார்த்துட்டு வேகத்தை மட்டும் அனுப்பட்டும்.

இங்கதான் "எத்தனை வண்டி?"ங்கிற கேள்வியோட இன்னொரு ஆபத்து. எண்ணணும்னா வண்டியை வண்டியா பிரிக்கணும். பிரிக்கணும்னா நுணுக்கமான ஒலி வேணும், சேமிச்சு வெச்சுத் திருப்பித் திருப்பிக் கேட்கணும், அடுத்த வருஷம் மாடலைத் திருத்த எல்லாத்தையும் வெச்சிருக்கணும். "ஓடுதா, நிக்குதா?"ன்னு கேட்கிறவனுக்கு இதுல பெரும்பாலானது வேண்டாம். சின்னக் கேள்வி கேட்டா சின்னக் காது போதும்.

கடைசியா, நம்ம வகுப்பு ஜனங்களுக்கு

டேட்டாசெட் டவுன்லோட் பண்றதை நிறுத்துங்கப்பா. உங்க ஏரியா சந்திப்புக்குப் போங்க. பேச்சு விழாத இடமாப் பார்த்து, நடைபாதைக்கு எதிர்ப் பக்கமா மைக்கை வைங்க. ஒருத்தர் கையில பேப்பர்: அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை "நிக்குது / நகருது / ஓடுது"ன்னு எழுதணும். காலை, மத்தியானம், பள்ளிக்கூடம் விடுற நேரம், ராத்திரி, ஒரு மழை நாள். மழை நாள் ரொம்ப முக்கியம், ஈர ரோட்டுல டயர் சத்தமே வேற. ஒரு சந்திப்புல கத்துக்கிட்டது அடுத்த சந்திப்புல எடுபடுதான்னு பாருங்க. எடுபடலைன்னா அதையும் ஸ்லைடுல போடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஆட்டோ எல்லாம் மின்சாரத்துக்கு மாறும்போது மறுபடி போங்க. ஜெர்மனி ரோட்டை வெச்சு எடுத்த பெரிய சதவீதத்தைவிட, நம்ம சந்திப்புல தோத்துப்போன ஒரு சின்ன சோதனை ஊருக்கு உபயோகம்.

மாநகராட்சி டெண்டர் விடுறவங்க யாராச்சும் தப்பித்தவறி இதைப் படிச்சா, மூணே மூணு நிபந்தனை எழுதிக்கங்க. எண்ணிக்கை கேட்காதீங்க, நிலை கேளுங்க. ஒலி கம்பத்தைத் தாண்டக்கூடாது. மைக் என்ன சொன்னாலும் நடக்கிறவங்களுக்குன்னு வெச்ச பச்சை நேரத்துல ஒரு நொடி கூடக் குறையக்கூடாது. அந்த மூணாவது இல்லைன்னா முதல் ரெண்டும் வீண். சத்தம் போடாதவங்களுக்கும் சேர்த்துத்தான் ரோடு.

பி.கு: திட்டணும்னு தோணினா தாராளமாத் திட்டுங்க, பதில் சொல்றேன். வீட்டுக்கு ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க. எத்தனை ஆட்டோன்னு சொல்லத் தெரியாது, ஆனா வாசல்ல நிக்குதா தாண்டிப் போகுதான்னு கண்டுபிடிச்சிடுவேன் :)